கொடிமலையிலிருந்து இறங்கும் வழி

அன்புள்ள ஐயா, வணக்கம்.

நான் பினாங்கில் படித்து வளர்ந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு கோலாலம்பூர்வாசி. 1989இல் ஐந்தாம் படிவம் முடித்த தோழிகள் நாங்கள் நான்கு பேர். நமக்குக் கோடை என்று தனியாக ஏது, பள்ளி விடுமுறைதான் கோடை. விடுமுறை விட்டால் ஒரு நாள் கட்டாயம், மலை ரயில் ஏறி, பினாங்கின் கொடிமலைக்குப் (Penang Hill) போவோம். சோற்றுப் பொட்டலத்தோடு காலையில் ஏறினால் பொழுது சாயும்போதுதான் இறங்குவோம். போன மாதம் ஆளுக்கொரு ஊரிலிருந்து லீவு போட்டு வந்து மறுபடி போனோம். ஒரு மணி நேரம் வரிசையில் நின்றோம். ரயில் சில நிமிடங்களில் மேலே கொண்டுபோய் விட்டது. படம் எடுத்தோம், ஐஸ் கச்சாங் சாப்பிட்டோம், இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிட்டோம். காரில் ஏறும்போது ஒரு தோழி, "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றாள். எங்கள் மூவரிடமும் பதில் இல்லை. மலை மாறிவிட்டதா, நாங்கள் மாறிவிட்டோமா? பிடித்த இடங்களை நினைவிலேயே விட்டுவிடுவதுதான் நல்லதா?

ஒரு வாசகி, கோலாலம்பூர்
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள சகோதரி,

விட்டுவிடாதீர்கள். உங்கள் தோழி கேட்டதை நானும் ஒருமுறை கேட்டவன்தான். 2011இல் புதிய ரயில் ஓடத் தொடங்கியதும், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த்தில் என்னோடு படித்த மூவரைக் கூட்டிக்கொண்டு போனேன். உங்களுக்கு நடந்ததேதான் எங்களுக்கும் நடந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் மனசே சரியில்லை. என்ன குறைந்தது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

மேலே ஒன்றும் குறையவில்லை. முருகன் கோயில் இருக்கிறது, பள்ளிவாசல் இருக்கிறது. கீழே ஜார்ஜ்டவுன், அதைத் தாண்டிக் கடல், பாலம், வானம் தெளிந்திருந்தால் வடக்கே கெடாவின் ஜெராய் மலை. நகரத்துப் புழுக்கத்திலிருந்து போனவுடன் கழுத்தில் படும் அந்தக் குளிரும் அப்படியேதான் இருக்கிறது. குறைந்தது, ரயிலுக்குள் இருந்த அரை மணி நேரம்.

நீங்கள் ஏறிய சிவப்பு வண்டி நினைவிருக்கும். அது 1977இல் வந்தது. அதற்கு முன், 1923இலிருந்து, மரப்பெட்டி வண்டிகள். பாதை இரண்டு துண்டாக இருந்தது. பாதி மலையில் இறங்கி அடுத்த வண்டிக்கு மாற வேண்டும். ஒரே கம்பிவடத்தின் இரு முனையிலும் இரண்டு வண்டிகள். ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். நடுவழியில் தண்டவாளம் பிரியும் இடத்தில் இரண்டும் உரசாத குறையாகக் கடக்கும். எதிர் வண்டியில் யார் என்று தெரியாது, ஆனாலும் கை காட்டுவோம், அவர்களும் காட்டுவார்கள். அப்புறம் அந்த நடு நிலையம். அங்கே காத்திருக்கும்போது பேச்சு வேறு மாதிரி ஆகிவிடும். எங்களில் ஒருவன், இனிமேல் படிக்கப் போவதில்லை, பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறேன் என்று சொன்னது அங்கேதான். காலையில் பெர்ரியில் வந்தபோது சொல்லவில்லை. ஆயர் ஈத்தாம் பஸ்ஸிலும் சொல்லவில்லை.

புதிய ரயிலை நான் குறை சொல்ல மாட்டேன். நடுவில் இறங்கி மாற முடியாத என் அம்மா, எழுபத்தெட்டு வயதில், அதில்தான் மேலே போய் முருகனைக் கும்பிட்டார். ஆனால் நண்பர்கள் கூடும்போது கணக்கு வேறு. நீங்கள் நால்வரும் முப்பது வருடப் பேச்சை மூட்டை கட்டிக்கொண்டு வந்தீர்கள்; அவிழ்க்க நேரமே கிடைக்கவில்லை. வரிசையில் நின்ற ஒரு மணி நேரம் இருந்ததே என்பீர்கள். வரிசையில் நிற்பவரின் மனசு, முன்னால் நிற்பவரின் முதுகில்தான் இருக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன் நாங்கள் மறுபடியும் போனோம். ஏறுவதற்கு ரயில். இறங்குவதற்கு ஜீப் பாதை. உச்சியிலிருந்து தண்ணீர்மலைப் பக்கம் உள்ள தாவரவியல் பூங்கா வாசல் வரை ஏறக்குறைய 5 கிலோமீட்டர் தார்ச்சாலை. நடப்பவர்களைத் தவிர, அனுமதி பெற்ற ஜீப்புகள் எப்போதாவது போகும், அவ்வளவுதான். ஒரு வளைவில் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட குரங்குகள் கிளையில் உட்கார்ந்து இலை தின்றுகொண்டிருந்தன. எல்லாம் சாம்பல் நிறம். ஒரு தாயின் வயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்த குட்டி மட்டும் பச்சை மஞ்சளை உடைத்தால் உள்ளே தெரியுமே, அந்த நிறம். நாலு கிழவர்களும் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.

அன்று தொழிற்சாலைக்குப் போன நண்பருக்கு இப்போது இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. சரிவு செங்குத்தாக ஆனதும் அவர் திரும்பி நின்று, பின்பக்கமாக நடந்து இறங்க ஆரம்பித்தார். அந்தப் பாதையில் நடந்து பழகிய சீனப் பெரியவர்கள் அப்படி இறங்குவதைப் பார்த்துப் பிடித்துக்கொண்டது. அப்படி இறங்கினால் முட்டியில் பாரம் குறைகிறது என்றார். அதனால் அவர் முகம் எங்கள் பக்கம் இருந்தது. "வளைவு வருது, இடப்பக்கம் ஒதுங்கு", "பாசி இருக்கு, மெல்ல" என்று நாங்கள் சொல்லிக்கொண்டே வந்தோம். அவர் எங்களைப் பார்த்துப் பேசிக்கொண்டே இறங்கினார். மனைவி போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதுவரை எங்களிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. தானே வைத்த முதல் ரசத்தை உப்பில்லாமல் குடித்து முடித்ததைச் சொன்னார். அந்த அம்மாவின் கைப்பேசியை இன்னும் ராத்திரிதோறும் சார்ஜ் போட்டு வைப்பதைச் சொன்னார். கீழே வர மூன்று மணி நேரம் ஆனது. பூங்கா வாசலில் ஆளுக்கு ஒரு இளநீர் குடித்துவிட்டு, யாருக்கும் கிளம்ப மனசில்லாமல் உட்கார்ந்திருந்தோம்.

அதனால் இன்னொரு முறை வாருங்கள் என்றுதான் சொல்வேன். பள்ளி விடுமுறையும் சனி ஞாயிறும் வேண்டாம், வார நாளாகப் பாருங்கள். முதல் நாளே ரயிலில் பட்டர்வொர்த் வந்து இறங்கி, பெர்ரியில் தீவுக்கு வந்துவிடுங்கள். அதுவும் பேசுகிற நேரம்தான். காலையில் பசியாறிவிட்டு, வெயில் ஏறும் முன் மேலே போய்விடுங்கள். பெரிய மழை பெய்த மறுநாள் அந்தப் பாதை வேண்டவே வேண்டாம். 2017 நவம்பர் மழையில் அந்த மலையில் பல இடங்களில் மண் சரிந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம். செருப்பு உதவாது, அடிப்பாகம் பிடிக்கிற சப்பாத்து போடுங்கள். தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டராவது இருக்கட்டும். சோற்றுப் பொட்டலத்தையும் மறக்காதீர்கள், ஆனால் குரங்குகள் இருக்கும் இடத்தில் பிரிக்காதீர்கள்.

"இதுக்கா வந்தோம்" என்று கேட்ட தோழியை முதலில் கூப்பிடுங்கள். அவருக்கு முட்டி வலி இருந்தால் பின்பக்கமாக இறங்கட்டும். நீங்கள் அவருக்கு எதிரே நடந்து வழி சொல்லுங்கள்.