போன் நம்மை எடுக்குதே!

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் பள்ளி ஆசிரியை. சென்ற மாதம் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு ‘இணையம் சமூகத்துக்கு நன்மையா, தீமையா’ என்று ஒரு விவாதப் போட்டி வைத்தோம். நான்தான் நடுவர். இரு அணியும் நன்றாகப் பேசினார்கள். “இணையம் கத்தி மாதிரி. காய் நறுக்கலாம், ஆளைக் குத்தவும் செய்யலாம். எல்லாம் பயன்படுத்துகிறவர் கையில் இருக்கிறது” என்று சொல்லி முடித்தேன். கைதட்டல் வந்தது.

போட்டியில் பேசாத ஒரு பையன் வாசலில் என்னை நிறுத்தி, “மிஸ், கத்தியை நாமதான் எடுக்கணும். போன் நம்மள எடுக்குதே?” என்று கேட்டான். அப்போதைக்குச் சிரித்துச் சமாளித்துவிட்டேன். ஆனால் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அவனுக்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

அன்புடன்,
ஒரு வாசகி (பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

*

அன்புள்ள ஆசிரியருக்கு,

அவன் சொன்னது சரி என்று சொல்லியிருக்கலாம். நானும் பல வருடங்கள் அந்தக் கத்தி உவமையைச் சொல்லி வந்தவன்தான். இப்போது சொல்வதில்லை. ஏன் என்று எழுதுகிறேன்.

முதலில் நன்மை. என் அண்ணன் மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை வாங்கியது 1876-இல். அடுத்த ஆண்டு அவர் மணந்துகொண்ட பெண்ணுக்கும் காது கேட்காது. தான் செய்த கருவியில் தன் மனைவியோடு அவரால் பேச முடியாது. அதற்குப் பின் நூறு வருடத்துக்கும் மேலாக, தொலைவில் இருக்கும் தோழியோடு சைகை மொழியில் பேச வேண்டும் என்றால் நேரில் போவது ஒன்றுதான் வழி. தட்டச்சு செய்து அனுப்பும் கருவி வந்தது, ஆனால் அதில் போவது எழுத்து. காது கேளாதவர்களுடைய மொழி கையிலும் முகத்திலும் இருக்கிறது.

இன்று என் அண்ணன் மகள் தன் தோழியை வீடியோவில் அழைப்பதைப் பார்க்க வேண்டும். இரண்டு கையும் வேண்டும் என்பதால் போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைப்பாள். விரல்கள் தெளிவாகத் தெரிய மேஜை விளக்கை முன்பக்கமாகத் திருப்பிக்கொள்வாள். அப்புறம் ஒரு மணி நேரம் பேச்சுதான். நடுவில் போன் சரிந்தால் எதிர்முனைக்கு வெறும் கூரை தெரியும். பாய்ந்து பிடித்து நிமிர்த்தி, விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். வாய்விட்டுச் சிரிக்கும்போது தோள் இரண்டும் குலுங்கும். இணையத்தால் சமூகத்துக்கு என்ன கிடைத்தது என்று யாராவது கேட்டால் என் கண்முன் வருவது அந்தத் தோள் குலுங்கல்தான்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அழைக்க வேண்டும் என்று நினைத்தது அவள். பேசி முடித்து வைத்ததும் அவள்தான்.

விக்கிப்பீடியாவும் இப்படித்தான். 2001-இல் தொடங்கியது, இன்று முந்நூறுக்கும் மேற்பட்ட மொழிகளில் இருக்கிறது, எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். ஒரு வரியை மாற்றினால் எப்போது என்ன மாறியது என்பது வரலாற்றுப் பக்கத்தில் பதிவாகும், தவறு என்றால் பழையபடி திருப்பலாம். நாம் ஒரு கேள்வியோடு போகிறோம், பதிலை எடுத்துக்கொண்டு வருகிறோம். இன்னும் கொஞ்சம் இருந்துவிட்டுப் போ என்று அது சட்டையைப் பிடித்து இழுப்பதில்லை. இணையப் பக்கங்களைக் கோக்கும் வலை என்ற அமைப்பே அப்படிக் கொடுக்கப்பட்டதுதானே? 1993 ஏப்ரல் 30 அன்று அது பிறந்த செர்ன் என்ற ஐரோப்பிய ஆய்வுக்கூடம் அதை யார் வேண்டுமானாலும் கட்டணம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டது.

உங்கள் மாணவன் கேட்டது இந்த இணையத்தைப் பற்றி அல்ல. அவன் பையில் இருக்கும் இன்னொன்றைப் பற்றி. கத்தி செய்தவர் அதை விற்றதோடு போய்விடுவார், நாம் அதைத் தினமும் எத்தனை மணி நேரம் பிடித்திருக்கிறோம் என்பதில் அவருக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. விளம்பரத்தில் பிழைக்கும் செயலிக்கு நாம் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் காசு. அதனால் அது காத்திருக்காது, கூப்பிடும். ஒரு காலத்தில் பக்கத்தின் அடிக்கு வந்தால் ‘அடுத்த பக்கம்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்துவதற்கு முன் ‘சரி, போதும்’ என்று ஒரு நினைப்பு வரும். முடிவில்லாமல் உருண்டுகொண்டே போகும் பக்கத்தை 2006-இல் வடிவமைத்த ஆசா ராஸ்கின், அதற்காகப் பின்னாளில் பொதுவெளியில் வருத்தம் தெரிவித்தார். அந்த ‘போதும்’ வருவதற்கான இடத்தைத்தான் அது எடுத்துவிட்டது.

நேரம் போவது ஒரு பக்கம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு.

சில வருடங்களுக்கு முன் ஒரு வாட்ஸ்அப் குழுவில் நான்கு வயதுப் பெண் குழந்தையின் படம் வந்தது. காணவில்லை, பார்த்தவர்கள் இந்த எண்ணுக்குத் தெரிவிக்கவும், தயவுசெய்து பகிரவும் என்று இருந்தது. பதறிப்போய் நான் இருந்த எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பினேன். அனுப்பிய பிறகு, பெற்றோருக்கு ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லலாமே என்று அந்த எண்ணுக்கு அழைத்தேன். எடுத்தவர் குழந்தையின் அப்பா. நான் பேச ஆரம்பித்ததுமே, “அன்னைக்குச் சாயங்காலமே கிடைச்சுட்டா. ஆறு வருஷம் ஆச்சு. இன்னும் போன் வந்துட்டே இருக்கு” என்றார். கோபமே இல்லை. களைத்துப்போன குரல். அந்த எண்ணைத் தேடி அழைக்கிற சொந்தக்காரர்கள் இருப்பதால் மாற்றவும் முடியவில்லையாம். மகள் வளர்ந்து பள்ளிக்குப் போகிறாள். யார் யார் போனிலோ அவள் இன்னும் நான்கு வயதில் தொலைந்துகொண்டே இருக்கிறாள்.

அந்தச் செய்தியை அனுப்பிய ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. எல்லோருக்கும் நல்ல மனசு. பயன்படுத்துகிறவர் நல்லவராக இருந்தால் போதும் என்ற தீர்ப்பு எனக்கு உடைந்தது அந்த ஒரு நிமிடப் பேச்சில்தான். படிப்பதற்கும் அனுப்புவதற்கும் நடுவில் எதுவும் இல்லை, விரல் மட்டும்தான் இருக்கிறது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய ஏறத்தாழ 1,26,000 செய்திச் சரடுகளை எடுத்துப் பார்த்தார்கள். மெய்யைவிடப் பொய் மறுபடி பகிரப்படும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம். தானியங்கிக் கணக்குகளை நீக்கிவிட்டுப் பார்த்தபோதும் கதை மாறவில்லை. பரப்பியது மனிதர்கள், நம்மைப் போன்றவர்கள். புதிதாகவும் திகைக்க வைப்பதாகவும் இருந்ததால் பகிர்ந்தார்கள்.

அப்படியென்றால் குற்றம் மனிதரிடம்தானே என்று கேட்கலாம். இதையும் பாருங்கள். வாட்ஸ்அப் 2019 ஜனவரியில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாது என்று உலகம் முழுக்கக் கட்டுப்பாடு வைத்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறி வந்த செய்தி என்றால் ஒரு தடவைக்கு ஒரே ஓர் உரையாடலுக்குத்தான் என்று இறுக்கியது. அப்படிப்பட்ட செய்திகள் பரவுவது 70 சதவீதம் குறைந்தது என்று அந்த நிறுவனமே சொன்னது. அதே மனிதர்கள், அதே போன். நடுவில் ஒரு சின்னப் படி வைத்தார்கள், அவ்வளவுதான். அந்தப் படியை வைப்பதா எடுப்பதா என்று முடிவு செய்கிறவர்களை விட்டுவிட்டு, உன் மனதை அடக்கு என்று பதினான்கு வயதுப் பையனிடம் சொல்வது தும்பை விட்டு வாலைப் பிடிப்பது.

மோசடி, வேவு எல்லாம் தனியாக எழுத வேண்டியவை. ஒன்று மட்டும்: 2024 கணக்குப்படி உலகில் மூன்றில் ஒருவர், ஏறத்தாழ 260 கோடிப் பேர், இணையத்துக்கே வராதவர்கள் என்றது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம். எல்லா மனுக்களையும் இணையத்தில்தான் போட வேண்டும் என்று ஆகும்போது இவர்கள் வெளியே நிற்கிறார்கள். உங்கள் மேடையில் இவர்களைப் பற்றி யாராவது பேசினார்களா?

சட்டமும் கொஞ்சம் அசைகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டப்படி, மிகப் பெரிய தளங்கள், ஒருவர் எதைப் பார்க்கிறார் என்று வேவு பார்த்து அவருக்கெனத் தொகுக்காத பதிவு வரிசை ஒன்றையும் தேர்ந்தெடுக்க வழி வைக்க வேண்டும். அது அங்கே உள்ள சட்டம்தான், ஆனால் இப்படி ஒன்றைக் கேட்கலாம் என்பதையாவது மாணவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

அந்தப் பையனைத் தனியாகக் கூப்பிட்டு, நீ கேட்டது சரியான கேள்வி என்று சொல்லுங்கள். முடிந்தால் வகுப்பிலேயே சொல்லுங்கள், நடுவர் தீர்ப்பை மாற்றிக்கொண்டதை அவர்கள் பார்க்கட்டும். அப்புறம் ஒரு வாரத்துக்கு, மனிதர் யாராவது அழைத்தால் ஒலிப்பதைத் தவிர மற்ற எல்லா அறிவிப்புகளையும் போனில் நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். தானாக ஓடும் வீடியோவையும்தான். எடுக்கும் ஒவ்வொரு முறையும் எதற்காக எடுத்தான் என்று நோட்டில் ஒரு வரி எழுதட்டும். நீங்களும் கூடவே எழுதுங்கள். இரண்டு நோட்டிலும் என்ன இருந்தது என்று எனக்குத் தெரிவித்தால் மகிழ்வேன்.

அன்புடன்.