முடவாட்டுக்கால் பெரணி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கொல்லிமலைக்குச் சென்றபோது சாலையோரக் கடையில் முடவாட்டுக்கால் கிழங்கு வாங்கினோம். மேலே பழுப்பு நிறத்தில் ரோமம் அடர்ந்திருக்கிறது. இது கிழங்கா, வேரா?

இரண்டும் அல்ல, அது தண்டு. தாவரவியலில் இதை மட்டநிலத்தண்டு என்போம். பெயரில் நிலம் இருந்தாலும், இந்தச் செடியில் அது மண்ணுக்குள் புதைவதில்லை. பாறையின் மீதோ மரக்கிளையின் மீதோ ஒட்டிப் படர்ந்து, நுனியில் வளர்ந்துகொண்டும் பக்கங்களில் கிளைவிட்டுக்கொண்டும் செல்கிறது. உண்மையான வேர்கள் மெல்லியவை. தண்டின் அடிப்பக்கத்திலிருந்து புறப்பட்டுப் பட்டையைப் பற்றிக்கொள்பவை. நீங்கள் ரோமம் என்று கருதுவது உருப்பெருக்கியில் பார்த்தால் தட்டையான செதில்களாகத் தெரியும். ஒவ்வொரு செதிலும் தன் நடுப்பகுதியால் தண்டோடு இணைந்திருக்கும். அதன் விளிம்பு நுண்ணிய பற்களுடன் இருக்கும். இச்செதில்கள் சதைப்பற்றான தண்டு வெயிலில் உலர்ந்துவிடாமல் காக்கின்றன. இனங்களைப் பிரித்தறியவும் இவை உதவுவதால், கடைக்காரர் சுரண்டிச் சுத்தம் செய்து கொடுத்த துண்டை மட்டும் படம் எடுத்து அனுப்பி இனம் கேட்பவர்களுக்கு நான் உறுதியாகப் பதில் சொல்ல முடிவதில்லை.

இதன் அறிவியல் பெயர் ஓரிடத்தில் ட்ரைனேரியா குவர்சிஃபோலியா என்றும், இன்னோரிடத்தில் அக்லயோமார்ஃபா குவர்சிஃபோலியா என்றும் இருக்கிறது. இவை இரண்டு செடிகளா? வகைப்பாட்டை விளக்க வேண்டுகிறேன்.

செடி ஒன்றுதான். சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் கார்ல் லின்னேயஸ் 1753-இல் இதனைப் பாலிபோடியம் குவர்சிஃபோலியம் என்று விவரித்தார். அக்காலத்தில், வட்டமான ஸ்போர்த் தொகுதிகளை (ஸ்போர் என்பது விதைக்குப் பதிலாகப் பெரணி உருவாக்கும் நுண்துகள்) உடைய பெரணிகளில் பெரும்பாலானவை பாலிபோடியம் என்ற ஒரே பேரினத்தில் அடைக்கப்பட்டிருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித்தானியத் தாவரவியலாளர் ஜான் ஸ்மித் இதைத் தனியாகப் பிரித்து ட்ரைனேரியாவில் சேர்த்தார். பிற்காலத்தில் மரபணு ஆய்வுகள் ட்ரைனேரியாவும் அக்லயோமார்ஃபாவும் ஒன்றோடொன்று பின்னிய உறவுடையவை என்று காட்டியதால், இரண்டையும் ஒரே பேரினமாக்க வேண்டும் என்று ஒரு சாராரும், பழைய பிரிவையே தொடரலாம் என்று மறு சாராரும் கருதுகின்றனர். எனவே நூலுக்கு நூல் பெயர் மாறும். இந்தியத் தாவரப் பட்டியல்களிலும் மருத்துவத் தாவர ஆய்வுகளிலும் ட்ரைனேரியா என்ற பெயரே பெரிதும் பழகியிருப்பதால் நானும் அதையே பயன்படுத்துகிறேன்.

மேல்நிலை வகைப்பாட்டில் இவ்வளவு சிக்கல் இல்லை. பாலிபோடியாப்சிடா வகுப்பு, பாலிபோடியேல்ஸ் துறை, பாலிபோடியேசி குடும்பம், அதற்குள் ட்ரைனேரியாய்டே துணைக்குடும்பம் என்பது இதன் இடம். உலகெங்கும் உள்ள 90-க்கும் மேற்பட்ட பெரணியியலாளர்கள் சேர்ந்து 2016-இல் வெளியிட்ட வகைப்பாடும் இந்தத் துணைக்குடும்பத்தை ஏற்கிறது. இந்தியா, இலங்கை தொடங்கித் தென்கிழக்கு ஆசியா வழியாக வட ஆஸ்திரேலியா வரை இச்செடி இயற்கையாகப் பரவியுள்ளது.

செடியின் அடியில் உள்ள இலைகள் எப்போதும் காய்ந்தே கிடக்கின்றன. நோயாக இருக்குமோ என்று அவற்றைப் பிய்த்து எறிந்துவிட்டேன். சரிதானா?

இனி பிய்க்க வேண்டாம். இந்தப் பெரணியின் சிறப்பே அந்த இலைகள்தாம். இது இரு வகை இலைகளை உருவாக்குகிறது. நீண்ட காம்புடன் உயர்ந்து, ஆழமாகப் பிளவுபட்ட மடல்களுடன், சில வேளைகளில் ஒரு மீட்டர் அளவுக்கு வளர்பவை பசுமை இலைகள். உணவு தயாரிப்பதும் ஸ்போர்களைத் தாங்குவதும் இவற்றின் பணி. மற்றவை காம்பில்லாமல் தண்டை அணைத்தபடி நிற்கும் குட்டையான, அகன்ற கூட்டிலைகள், அதாவது கூடு போல் அமைந்த இலைகள். இளமையில் பசுமையாகத் தோன்றும் இக்கூட்டிலைகள் விரைவிலேயே பச்சையத்தை இழந்து, காகிதம் போன்ற பழுப்பு நிறத்தை அடைகின்றன, ஆனால் உதிர்வதில்லை.

கிளையின் மீது வாழும் செடிக்கு மண் கிடையாது. மேலிருந்து விழும் சருகு, தூசி, பூச்சிகளின் எச்சம், மழைநீர் ஆகியவற்றைக் கூட்டிலைகள் தடுத்துத் தேக்குகின்றன. அவை மட்கியதும் செடியின் வேர்கள் அந்த மட்குக்குள் நுழைந்து நீரையும் கனிமச் சத்துகளையும் எடுத்துக்கொள்கின்றன. கூட்டிலை தண்டுக்கு நிழலும் தருகிறது. வறண்ட காலத்தில் பசுமை இலைகள் உதிர்ந்து, செடியே பட்டுப்போனது போலத் தோன்றினாலும், சதைப்பற்றான தண்டும் கூட்டிலைகளும் எஞ்சி நின்று, மழை வந்ததும் புது இலைகள் சுருள் அவிழ்ந்து வெளிவருகின்றன. கூட்டிலையைப் பிய்ப்பவர் அந்தச் செடியின் உரக்குழியையே அகற்றுகிறார். நீங்கள் பிய்த்திருந்தாலும் தண்டின் நுனி நலமாக இருந்தால் புதியவை முளைக்கும்.

எங்கள் மாமரத்தில் இது படர்ந்திருக்கிறது. மரத்தின் சத்தை உறிஞ்சுமா?

உறிஞ்சாது. இது தொற்றுத்தாவரம், அதாவது மரத்தின் மேல் இடம் மட்டும் பிடித்து வாழ்வது; புல்லுருவியைப் போல மரத்தின் திசுக்களுக்குள் உறிஞ்சு வேர்களைச் செலுத்துவதில்லை. ஏற்கெனவே உளுத்துப்போன கிளையில் மிகப் பெரிய கொத்தாக வளர்ந்து, மழையில் நனைந்து கனத்தால், அந்தக் கிளை முறியக்கூடும் என்பது மட்டுமே கவனிக்கத்தக்கது.

பூவும் காயும் இல்லாமல் எப்படிப் பெருகுகிறது? இலையின் அடியில் உள்ள புள்ளிகள் பூச்சி முட்டைகளா?

பூச்சி முட்டைகள் அல்ல. அவை சோரஸ் எனப்படும் ஸ்போரகத் தொகுதிகள். பசுமை இலையின் அடிப்பரப்பில், அடுத்தடுத்த இரண்டு பக்க நரம்புகளுக்கு இடையே இரண்டு ஒழுங்கான வரிசைகளில் இவை அமைந்திருப்பது இந்த இனத்தின் முக்கியமான அடையாளம். தென்கிழக்கு ஆசியாவில் இதைப் போலவே தோன்றும் ட்ரைனேரியா ஸ்பார்சிசோராவில் அவை ஒழுங்கின்றிச் சிதறியிருக்கும். இந்தத் தொகுதிகளை மூடும் சவ்வு இக்குடும்பத்தில் இல்லாததால், வெறும் கண்ணுக்கே துகள்கள் தெரியும். முதிர்ந்த ஸ்போர்கள் காற்றில் பரவி, ஈரமான பட்டையில் விழுந்து, விரல் நகத்தினும் சிறிய பச்சை உடலமாக முளைக்கின்றன. அதிலிருந்து வெளிப்படும் ஆண் செல்கள் நீரில் நீந்தித்தான் முட்டையை அடைய முடியும். ஆகவே ஈரம் இல்லாத இடத்தில் புதிய செடி தோன்றுவதில்லை.

பூ இல்லை என்றாலும் இதன் இலைகளில் தேன் சுரப்பிகள் உண்டு. எறும்புகள் அவற்றை நாடி வருவதைப் பலர் பூச்சித் தாக்குதல் என்று எண்ணி மருந்து தெளிக்கின்றனர், அதற்குத் தேவையில்லை.

முடக்கத்தானும் முடவாட்டுக்காலும் ஒன்றுதானே?

அல்ல. முடக்கத்தான் பூத்துக் காய்த்து விதை தரும் கொடி. தோசைமாவில் அரைத்துச் சேர்ப்பது அதன் கீரை.

மூட்டுவலிக்கு இதன் சூப் உண்மையில் பயன் தருமா?

மலைவாழ் மக்கள் நெடுங்காலமாக இதைச் சுரண்டி, மிளகு, சீரகம், பூண்டுடன் கொதிக்கவைத்து அருந்துகின்றனர். தண்டில் நாரிஞ்சின் உள்ளிட்ட சேர்மங்கள் கண்டறியப்பட்டுள்ளன. சீன மருத்துவத்தில் எலும்பு முறிவுக்குப் பயன்படும் இன்னொரு ட்ரைனேரியா இனத்திலும் நாரிஞ்சின் உண்டு. ஆயினும் ஒரு சேர்மம் இருப்பது ஒரு நோய் தீரும் என்பதற்குச் சான்றாகாது. சுவைக்காக அருந்துங்கள், வலிக்கு மருத்துவரைப் பாருங்கள், அவர் தந்த மாத்திரையை இதை நம்பி நிறுத்தாதீர்கள்.

வாங்கிய துண்டை வீட்டில் வளர்க்கலாமா?

உயிருள்ள நுனி இருந்தால் வளர்க்கலாம். நுனியில் செதில்கள் அடர்ந்து, தொட்டால் உறுதியாக இருக்க வேண்டும். முழுக்கச் சுரண்டிய நடுத்துண்டு அநேகமாக அழுகிவிடும். தொட்டி மண்ணில் புதைக்காமல், தேங்காய் நார் சுற்றிய பலகையிலோ மரத்துண்டிலோ கயிற்றால் கட்டி, நேர் வெயில் படாத வெளிச்சமான இடத்தில் தொங்கவிட்டு, நார் காயும்போது நீர் தெளியுங்கள். வேர்கள் நாரைப் பற்றிக்கொண்ட பிறகு கயிற்றை அவிழ்க்கலாம். காட்டிலிருந்து எடுப்பவர்களும் வளரும் நுனியைப் பாறையிலேயே விட்டுப் பின்பகுதியை மட்டும் வெட்டினால் அதே செடி மீண்டும் படரும். முழுக் கொத்தையும் பெயர்த்து எடுத்தால், அந்த இடத்தில் ஸ்போரிலிருந்து புதிதாக ஒன்று வளர்ந்து அந்தப் பருமனை எட்டப் பல ஆண்டுகள் ஆகும்.