அமெரிக்காவில் முதல் வகுப்பு டிக்கெட் எடுத்தால், தாமதமான விமானத்தில் என்ன லாபம்?

அமெரிக்க உள்நாட்டு முதல் வகுப்பு என்றதும் படுக்கையைக் கற்பனை செய்ய வேண்டாம். பெரும்பாலும் போயிங் 737 போன்ற விமானத்தின் முன்பக்கச் சில வரிசைகள்தான். பின்னால் பக்கத்துக்கு மூன்று பேர் நெருக்கியடிக்கும் அகலத்தில் இங்கே இரண்டு பேர். முதலில் ஏறலாம், பெட்டிக்குத் தனிக் காசு இல்லை.

தாமதம் மட்டும் எல்லோருக்கும் பொது. ஒரே விமானம் ஒரு நாளில் பல ஊர் சுற்றுகிறது. காலையில் சிகாகோ பனியில் அது மாட்டிக்கொண்டால், இரவில் வீடு திரும்புபவர் வரை அந்தத் தாமதம் தொற்றிக்கொண்டே வரும். சிக்னலில் நின்ற ரயிலில் ஏசி பெட்டியும் சேர்ந்துதானே நிற்கிறது!

உள்நாட்டு விமானம் 3 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகி, பயணமே வேண்டாம் என்று விட்டால் பணம் திரும்பக் கிடைக்கும். 2024-இல் வந்த இந்த விதி எல்லா வகுப்புக்கும் உண்டு. மாற்று விமானத்தில் பின் இருக்கைதான் கிடைத்தது என்றால், கட்டண வித்தியாசத்தைக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், இந்த டிக்கெட் இருந்தாலே லவுஞ்சில் (விமான நிலையத்தில் உள்ள தனி ஓய்வறையில்) போய்க் காத்திருக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள்; உள்நாட்டுப் பயணத்துக்குப் பெரும்பாலும் அது கிடையாது, உறுப்பினர் அட்டை கேட்பார்கள்.