காரின் நம்பர் பிளேட்டை நாமே வீட்டில் மாற்ற முடியுமா?

முடியும். ஆனால் எந்த வண்டி என்பதை முதலில் பாருங்கள். 2019 ஏப்ரல் 1 முதல் தயாரான கார் என்றால் அதில் இருப்பது எச்எஸ்ஆர்பி, அதாவது உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட். இடது மேல் மூலையில் அசோகச் சக்கர ஹாலோகிராம், அதற்குக் கீழே நீல நிறத்தில் ஐஎன்டி, லேசரில் பொறித்த தனி எண் எல்லாம் இருக்கும். ஸ்நாப் லாக் போட்டு அடித்திருப்பார்கள். உடைத்துத்தான் எடுக்க வேண்டும், எடுத்த லாக்கைத் திரும்பப் போட முடியாது. அதில் கை வைக்காதீர்கள்.

என்னுடையது 2012 மாடல், டிஎன் 75, மார்த்தாண்டம் பதிவு. வீடு குளச்சல் பக்கம், கடலுக்குக் கூப்பிடு தூரம். முன் பிளேட்டில் பெயிண்ட் உரிந்து 8 எது 3 எது என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளை தாண்டி அடிக்கடி போகிறவன் நான், போலீஸ் கேட்டால் என்ன சொல்வது? கடையில் எழுதக் கொடுக்கும்போது எழுத்து 65 மில்லிமீட்டர் உயரம், 10 மில்லிமீட்டர் தடிமன், நடுவில் 10 மில்லிமீட்டர் இடைவெளி என்று சொல்லிவிட்டேன். காருக்கு விதி அதுதான். கடைக்காரர் சாய்வெழுத்து மாதிரி ஒன்றைக் காட்டி "நல்லா இருக்கும் சார்" என்றார். நல்லாத்தான் இருந்தது, ஆனால் அபராதம் யார் கட்டுவது?

புதுசை மாட்டுவது பத்து நிமிட வேலை. பழசைக் கழற்றத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. உப்புக் காற்றில் ஸ்குரூ துரு பிடித்து, திருகத் திருகத் தலை வழுவழுவென்று தேய்ந்துவிட்டது. அப்புறம் முந்தின நாள் ராத்திரியே துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஊற விட்டிருக்க வேண்டும் என்று தெரிந்தது. கடைசியில் ஆக்ஸா பிளேடால் தலையை அறுத்தேன். பம்பரிலும் ஒரு கோடு விழுந்தது.

பக்கத்து வீட்டு அண்ணன் விசைப்படகில் எஞ்சின் பார்ப்பவர். நான் வாங்கி வைத்திருந்த இரும்பு ஸ்குரூவைப் பார்த்ததும், "மக்கா, இத போட்டா அடுத்த வருசமும் இதே பாடுதான்" என்றார். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட், நட்டு வாங்கச் சொன்னார். அதோடு விடவில்லை, அதற்கும் பிளேட்டுக்கும் நடுவில் பிளாஸ்டிக் வாஷர் வேண்டும் என்றார். போல்ட்டின் ஸ்டீலும் பிளேட்டின் அலுமினியமும் நேராக உரசிக்கொண்டு உப்பு ஈரமும் சேர்ந்தால் துளையைச் சுற்றி அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்துப்போகும். படகில் தினம் பார்க்கிற சங்கதியாம்.

பழைய பிளேட்டைப் புதுசின் மேல் வைத்து துளை குறித்துக்கொண்டேன். டிரில் போடுவதானால் வண்டியில் வைத்துப் போடாதீர்கள், கழற்றி மரக்கட்டையில் வைத்துப் போடுங்கள். முன்பக்கம் பம்பருக்குப் பின்னால்தான் ஏசி வாயுவைக் குளிர்விக்கும் கண்டென்சர் இருக்கிறது, டிரில் பட்டால் அதில் ஓட்டை விழும். முறுக்கும்போதும் கொஞ்சம் பொறுமை வேண்டும், ரொம்ப இறுக்கினால் பிளாஸ்டிக் பம்பரில் விரிசல் விழுந்துவிடும்.

பின்பக்கம் மாட்டிய பிறகு ராத்திரி ஒருமுறை லைட்டைப் போட்டுப் பாருங்கள். நான் பிளேட்டை அரை இஞ்ச் மேலே ஏற்றி, பிளேட் விளக்கின் வெளிச்சத்தையே மறைத்துவிட்டேன். மறுபடியும் கழற்ற வேண்டியதாயிற்று. புது போல்ட் என்பதால் இரண்டு நிமிடத்தில் வந்துவிட்டது.