காட்ஸ் என்ற யூதக் குடும்பப் பெயருக்குப் பூனை என்றா அர்த்தம்?

புது ஆபீசில் காட்ஸ் என்று யாரையோ பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று தோன்றுகிறது. தயவுசெய்து அவரிடமே போய்க் கேட்டுவிடாதீர்கள். நான் கேட்டுத் தொலைத்தேன்.

நியூஜெர்சியில் எங்கள் டீமில் ஒரு காட்ஸ் இருந்தார். நான் சேர்ந்த இரண்டாவது வாரம், மதியச் சாப்பாட்டில், "உங்க பேருக்குப் பூனைன்னுதானே அர்த்தம்?" என்றேன். சிரித்தார். பள்ளிக்கூடம் முழுக்க மியாவ் கேட்டுச் சலித்தவரின் சிரிப்பு அது. பேனாவை எடுத்து டிஷ்யூ பேப்பரில் இரண்டு சொற்கள் எழுதினார். ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியில் பூனைக்கும் 'காட்ஸ்' என்றுதான் பெயர், ஆனால் அதற்கு மூன்றெழுத்து. அவர் பெயருக்கு இரண்டே எழுத்து, நடுவே தலைமாட்டில் இரண்டு சின்னக் கோடுகள். அந்தக் கோடு இருந்தால் சுருக்கம் என்று அர்த்தமாம். விரித்தால் எபிரேயத்தில் 'கோஹேன் ட்செடெக்', நேர்மையான ஆசாரியர், அதாவது யூதக் கோயில் பூசாரி. மோசேயின் அண்ணன் ஆரோன் வழிவந்த ஆசாரியக் குடும்பம். செகல் என்ற பெயரும் இப்படித்தான், அது கோயிலில் ஆசாரியர்களுக்கு உதவிய லேவியர்களுடையது.

போனில் தாத்தாவின் கல்லறையைக் காட்டினார். கல்லில் இரண்டு கைகள், கட்டைவிரல்கள் ஒட்டி, மற்ற விரல்கள் இரண்டிரண்டாகப் பிரிந்து. ஆசி வழங்கும் முத்திரை. படம் எடுத்தது தங்கை. ஆசாரியக் குடும்பத்து ஆண்கள் மிக நெருங்கிய உறவுக்குத் தவிர இடுகாட்டுக்குள் போகக்கூடாது என்பதால் இவர் கேட்டுக்கு வெளியே நின்றாராம்.

சண்டைக்கு வருபவர்களுக்கு: நான் எபிரேய பண்டிதன் இல்லை. ஜெர்மனியில் கிறிஸ்தவக் காட்ஸ்களும் உண்டு, அவர்களுக்குப் பூனையாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

பிறகு அவர் என் பெயருக்கு அர்த்தம் கேட்டார். மாட்டிக்கொண்டேன். ஐடி கார்டில் தொங்குவது என் அப்பா பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கிறார்களே, இனிஷியலோடு வளர்ந்தவன் அதில் எதை எழுதுவான்? "எங்களுக்கும் அதே கதைதான்" என்றார். ஐரோப்பிய யூதர்களில் பெரும்பாலோர் இன்னார் மகன் இன்னார் என்றே இருந்தவர்கள். 1787இல் ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசப் நிரந்தரக் குடும்பப் பெயர் வேண்டும் என்று ஆணை போட்டார். 1804இல் ரஷ்யா, 1812இல் பிரஷ்யா. மெண்டல்சன் என்றால் மெண்டலின் மகன், அவ்வளவுதான். காட்ஸ் மாதிரிச் சில பெயர்கள் அந்த ஆணைகளுக்கு முன்பே இருந்தவை.

அவர்களுக்காவது ராஜா ஆணை போட்டார். எனக்கு ஒரு விண்ணப்பப் படிவம். அந்தக் காட்ஸ் மட்டும் அன்றிலிருந்து என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மீட்டிங்கில் மற்றவர்கள் கூப்பிட்டதும், சம்பளச் சீட்டு வந்ததும் அப்பா பெயருக்குத்தான்.