அணைந்து போகும் லோடு வண்டி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

*புதுவயல் அரிசி ஆலைக்கு லோடு அடிக்கும் டீசல் பிக்கப் வைத்திருக்கிறேன். காலையில் ஸ்டார்ட் ஆகி அரை நிமிடத்தில் ஆஃப் ஆகிவிடுகிறது. நாலைந்து முறை செல்ஃப் அடித்துக் கிளப்பிவிட்டால் சாயங்காலம் வரை தொல்லை இல்லை. போன வாரம்தான் டீசல் ஃபில்டர் மாற்றினோம். இப்போது பம்ப் போய்விட்டது என்கிறார்கள்.*

பம்பைக் கழற்ற விடாதீர்கள். பம்ப் போயிருந்தால் பகலில் லோடோடு இழுக்கும்போதும் வண்டி திணறியிருக்கும். ராத்திரி நின்ற பிறகு மட்டும் தொல்லை, அதுவும் ஃபில்டர் மாற்றியதிலிருந்து என்றால், லைனில் ஏர் பிடிக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன். எங்கோ காற்று புகுந்து, லைனில் இருக்கும் டீசல் ராத்திரியோடு டேங்குக்கு இறங்கிவிடுகிறது. காலையில் ஃபில்டரில் மிச்சமிருப்பதை வைத்து அரை நிமிடம் ஓடி அணைகிறது.

கசிவே இல்லையே என்பீர்கள். டேங்கிலிருந்து பம்ப் வரை டீசல் உறிஞ்சப்பட்டு வருகிறது. அந்தப் பக்கம் ஓட்டை இருந்தால், என்ஜின் ஓடும்போது காற்று உள்ளே போகுமே தவிர டீசல் வெளியே வர வேண்டும் என்பதில்லை. ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் கண்ணாடி போன்ற டீசல் ஹோஸ் ஒரு சாண் மாட்டி ஓட்டிப் பாருங்கள். குமிழி தொடர்ந்து வந்தால் அதுதான் காரணம். ஃபில்டர் வாஷர் மடங்கியிருக்கிறதா, கிளிப் இறுகியிருக்கிறதா, பழைய ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். பெரும்பாலும் சின்னச் செலவில் முடிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. பழைய டீசல் என்ஜினில், சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசிலுக்குப் போகும் பைப்பின் நட்டை லூஸ் பண்ணி ஏர் எடுப்பார்கள், அதாவது லைனில் புகுந்த காற்றை வெளியேற்றுவார்கள். எல்லா நாசிலுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து உயர் அழுத்த டீசல் போகும் காமன் ரயில் என்ஜினில் அந்த வேலையே கூடாது. ஓடும்போது அந்த பைப்பில் அழுத்தம் 1,000 பாரையும் தாண்டும். தெறிக்கும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். ஃபில்டர் பக்கம் இருக்கும் ஹேண்ட் பம்பை அடித்தே ஏர் எடுங்கள்.

*ஆத்தங்குடி கல் ஏற்றிக்கொண்டு திருச்சி போகும்போது, ஒரு மணி நேரம் ஓடியதும் வண்டி பட்டென்று அணைகிறது. இருபது நிமிடம் ஆறவிட்டால் தானாகக் கிளம்புகிறது.*

உங்கள் கேள்வியில் ‘பட்டென்று’ என்ற சொல்தான் முக்கியம். சாவியைத் திருப்பியதுபோல் அணைந்தால் மின்சாரப் பக்கக் கோளாறாக இருக்க வாய்ப்பு அதிகம். இழுவை குறைந்து திக்கித் திணறி அணைந்தால் டீசல் வரத்துக் கோளாறு. சூட்டில் அணைந்து ஆறியதும் கிளம்புகிறது என்றால் என்ஜின் சுற்றுவதை வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரைப் பாருங்கள். அடுத்த முறை அணைந்ததும் செல்ஃப் அடித்துக்கொண்டே ஆர்.பி.எம் முள்ளைக் கவனியுங்கள். அது துளியும் அசையாவிட்டால் சந்தேகம் கூடும். சென்சாரோடு அதன் வயரையும் கப்ளரையும் பார்க்கச் சொல்லுங்கள். சென்சார் நன்றாக இருந்து வயர் உரசி அறுந்த வண்டிகளும் உண்டு.

திணறி அணையும் வண்டி என்றால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தால் டேங்குக்குக் காற்று போகும் மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறது. செம்மண் புழுதியில் ஓடும் வண்டிக்கு இது சகஜம்.

தயவுசெய்து இதைச் சரிசெய்யாமல் லோடு ஏற்றாதீர்கள். என்ஜின் அணைந்தால் பவர் ஸ்டீயரிங் கனத்துவிடும். பிரேக்கும் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு கல்லாகிவிடும். பின்னால் அத்தனை பாரம் இருக்கும்போது அது உயிர் விஷயம்.

*தேவகோட்டையில் பழைய சின்ன யானை ஓட்டுகிறேன். சிக்னலில் நின்றால் உடம்பெல்லாம் நடுங்குகிறது.*

சின்ன யானை என்று நாம் சொல்லும் டாடா ஏஸின் பழைய டீசல் வண்டியில் இரண்டே சிலிண்டர். கொஞ்சம் நடுக்கம் பிறவிக் குணம். முன்பைவிடக் கூடியிருந்தால் என்ஜினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பரைப் பாருங்கள். லேசாக ரேஸ் கொடுத்ததும் நடுக்கம் அடங்கி, புகையும் சீராக இருந்தால் மவுண்டிங் அல்லது ஐட்லிங் செட்டிங்தான். ரேஸ் கொடுத்தாலும் மிஸ்ஸிங் தொடர்ந்தால் நாசிலை டெஸ்ட் பண்ணக் கொடுங்கள்.

*காரைக்குடி டவுனுக்குள்ளேயே பால் சப்ளை செய்யும் பிஎஸ்4 டீசல் வண்டி. நின்றால் ஐட்லிங் ஏறி இறங்குகிறது, கறுப்புப் புகை வேறு.*

கொஞ்ச தூரம் ஓடி ஓடி நிற்கும் வண்டிகளில் புகையில் ஒரு பகுதியை மறுபடி என்ஜினுக்குள் விடும் ஈ.ஜி.ஆர் வால்வில் கரி அடைந்து, அது மூடாமல் நின்றுவிடும். கழற்றிச் சுத்தம் செய்து மாட்டச் சொல்லுங்கள். அப்படியே ஏர் ஃபில்டரையும் பாருங்கள். வால்வை நிரந்தரமாக அடைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.