டாக்டர் ஆகாமல் மூளையை ஆராய முடியுமா?

வணக்கம் அம்மா. பிளஸ் டூவில் பயோ-மேக்ஸ் படிக்கும் மகள் நீட் எழுத மாட்டேன், ஆனால் மூளையைத்தான் ஆராய்வேன் என்று பிடிவாதமாக நிற்பதாக எழுதியிருந்தீர்கள். தலையில் நூல் போன்ற ஒளியிழையோடு ஓடும் எலியின் வீடியோவைக் காட்டினாளாம். பயப்படாதீர்கள், அவள் கேட்பது நடக்கிற காரியம்தான்.

பதினொன்றாம் வகுப்பில் அவள் படித்த கிளமிடோமோனாஸ் என்னும் பச்சைப்பாசியில், ஒளி பட்டால் வேலை செய்யும் ஒரு புரதம் இருக்கிறது. அதன் மரபணுவை நரம்பணுவுக்குள் வைத்து, நீல ஒளியால் அந்த அணுவைத் தூண்டலாம் என்று 2005-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கார்ல் டைசராத், எட் பாய்டன் குழுவினர் காட்டினார்கள். மூளைத்திசு ஒளியைச் சிதறடித்துவிடும் என்பதால், ஆழத்துக்கு ஒளி போக 0.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள இழையைச் செருகுகிறார்கள். பாய்டன் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் படித்தது இயற்பியலும் மின்பொறியியலும்.

கண்ணாடி இழை விறைப்பானது, மூளையோ மூச்சுக்கு மூச்சு அசையும் மெத்தென்ற பொருள். இரண்டும் உரசினால் திசு புண்படும். எம்.ஐ.டி.யின் பொலினா அனிகீவா இதற்கு பாலிமர் இழைகளைச் செய்தார். நம்மூர்த் திருவிழாவில் ஜவ்வு மிட்டாய் இழுப்பார்களே, கிட்டத்தட்ட அதுதான். ஒளி போகும் வழி, மின்முனை, மருந்துக் குழாய் மூன்றையும் ஒரு தடித்த கட்டையில் அடுக்கி, சூடாக்கி இழுத்தால், உள்ளமைப்பு மாறாமல் மெல்லிய இழையாக நீளும். அவர் முனைவர் பட்டம் பெற்றது பொருளறிவியலில்!

கணினிச் சிப் செய்யும் முறையிலேயே மூளைக்கான ஊசிகளும் வருகின்றன. 2017-இல் வெளியான நியூரோபிக்சல்ஸ் ஊசி 70 மைக்ரான் (0.07 மில்லிமீட்டர்) அகலம்தான், அதில் நரம்பணுக்களின் மின் துடிப்பைப் பதியும் 960 புள்ளிகள்.

ஆகவே, பெயரில் 'நியூரோ' இருக்கிறது என்பதற்காக எந்தத் தனியார் கல்லூரியிலும் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். இயற்பியல், எலெக்ட்ரானிக்ஸ், பயோமெடிக்கல் என ஏதாவது ஒன்றில் அடித்தளம் உறுதியாக வேண்டும். ஐஐடி மெட்ராஸில் மருத்துவ அறிவியலும் பொறியியலும் சேர்ந்த நான்காண்டு பி.எஸ். படிப்பு இருக்கிறது. ஐசர் என்னும் மத்திய அரசு அறிவியல் கல்வி நிறுவனங்கள் நடத்தும் நுழைவுத் தேர்வான ஐசர் ஆப்டிட்யூட் டெஸ்ட் வழியாகச் சேர்க்கிறார்கள். அந்தத் தேர்வில் உயிரியல், கணிதம் இரண்டும் உண்டு, பயோ-மேக்ஸ் பிள்ளைகளுக்குத் தோதானது. பி.எஸ்சி. இயற்பியல் முடித்து, ஐஐடி போன்ற இடங்களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான 'ஜாம்' தேர்வு எழுதுவதும் நல்ல வழி, செலவும் குறைவு. கிளீன் ரூம், அதாவது சிப் செய்யும் தூசியற்ற அறையில் வேலை பழக, பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் (ஐஐஎஸ்சி) இருக்கிறது.

சம்பளம் கேட்டிருந்தீர்கள். பிஎச்.டி.யில் ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். படிப்பெல்லாம் முடிய பத்தாண்டாகலாம். இந்தக் குறுகிய துறையில் மட்டும் நம் நாட்டில் வேலைகள் குறைவு, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் கிளீன் ரூமிலும் லேசர் மேசையிலும் பழகிய கைக்குச் சிப் நிறுவனங்களிலும் மருத்துவக் கருவி நிறுவனங்களிலும் மதிப்பு உண்டு.

ஒன்றை மட்டும் மகளிடம் நீங்களே கேளுங்கள். அந்த வீடியோ எலிக்கு மண்டையோட்டில் துளையிட்டுத்தான் இழை பொருத்தியிருப்பார்கள். அதைச் செய்ய அவள் மனம் ஒப்புமா? ஒப்பாவிட்டாலும் குடி முழுகிப்போகாது. சிலிகோன் ரப்பரில் முடியளவு கால்வாய்கள் வார்த்து, அதில் மனித உயிரணுக்களை வளர்த்து ஆராயும் பிரிவு இருக்கிறது. அவள் சொல்வதை எழுதுங்கள், கல்லூரிப் பட்டியலை அதற்குப் பிறகு பார்ப்போம்.